தென்னைத் தூரில் முளைத்த தட்டுக்காளான்: கானோடெர்மாவை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

கார்த்திகை மழை ஓய்ந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரர் எனக்கு அண்ணன் முறை. ஒரு மரத்தின் தூரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அரைவட்டத் தட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே அரக்கு நிறப் பளபளப்பு, விளிம்பில் வெண்ணெய் நிறம். "தம்பி, இதை மருந்துக் காளான்னு சொல்றாங்களே, நல்ல விலைக்குப் போகுமாமே, உண்மையா?" என்று கேட்டார்.

எனக்கு விலை பற்றிய நினைப்பே வரவில்லை. அந்த மரத்தின் அடிமட்டைகள் பழுத்துத் தண்டோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. தூரில் செம்பழுப்பாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது. இது அடித்தண்டழுகல் நோயாக இருந்தால், 1952-இல் தஞ்சை மாவட்டத்துத் தோப்புகளில் கவனிக்கப்பட்டு 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர் பெற்ற அதே நோயாக இருந்தால், பக்கத்து மரங்களையும் யோசிக்க வேண்டும். ஆனால் 'இருந்தால்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு தோப்புக்காரரிடம் பேசக் கூடாது. முதலில் அந்தக் காளான் எது என்று தெரிய வேண்டும்.

அந்த ஒரு காளானைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தோப்பு, சாலையோர மரம், காடு எங்கே கிடைத்தாலும் முறை இதுதான். ஒரு கத்தி, பத்து மடங்கு கைலென்ஸ், 100 மடங்கு ஆயில் லென்ஸ் உள்ள ஒரு கல்லூரி நுண்ணோக்கி இருந்தால் போதும்.

எதைத் தேடுகிறோம்?

மரத்தை அழுகச் செய்யும் தட்டுக்காளான்களில் நம் ஊரில் அதிகம் தொல்லை தருவது கானோடெர்மா என்ற பேரினம். கிரேக்கத்தில் கானோஸ் என்றால் பளபளப்பு, டெர்மா என்றால் தோல். பின்லாந்தைச் சேர்ந்த பீட்டர் கார்ஸ்டன் 1881-இல் இந்தப் பேரினத்தை உருவாக்கினார். பெயரே பளபளத்த தோல் என்பதால், பளபளத்தால் கானோடெர்மா, இல்லாவிட்டால் வேறு என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. மங்கிய தோல் கொண்ட கானோடெர்மாக்களும் ஏராளம். பேரினத்தை உறுதி செய்வது அதன் வித்து, அதாவது ஸ்போர். இரட்டைச் சுவரும், ஒரு முனை வெட்டிவிட்டாற்போன்ற தோற்றமும் உள்ள பழுப்பு வித்து. வெளித்தோற்றத்தில் பார்ப்பதெல்லாம் அந்த வித்திடம் நம்மைக் கொண்டு சேர்க்கும் வழிதான்.

காளானைத் தொடுவதற்கு முன்

மரத்தை முழுதாகப் பாருங்கள். என்ன மரம், உயிரோடு இருக்கிறதா, பட்டுப்போனதா, அடிக்கட்டையா? காளான் எந்த உயரத்தில் இருக்கிறது? கானோடெர்மா பெரும்பாலும் தூரிலோ வெளியே தெரியும் வேரிலோ வரும். தூங்குமூஞ்சி, வாகை, புங்கை, சவுக்கு என்று பல மரங்களில் பார்க்கலாம். சில சமயம் தரையிலிருந்தே முளைத்ததுபோல் தெரியும். கொஞ்சம் மண்ணை விலக்கினால் அடியில் செத்த வேர் ஒன்று இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தென்னை என்றால் சாறு வடிவது எங்கே தொடங்குகிறது என்பது முக்கியம். கானோடெர்மா உண்டாக்கும் அடித்தண்டழுகலில் தூரில் தொடங்கி மேலே ஏறும். தண்டின் நடுவில் ஆங்காங்கே வெடித்து வடிந்தால் அது வேறொரு பூசணம் உண்டாக்கும் சாறு வடிதல் நோயாக இருக்கலாம். அப்புறம் இன்னொன்று: தென்னையில் காளான் வெளியே தெரிவது நோயின் கடைசிக் கட்டத்தில்தான். காளான் இல்லை என்பதால் நோயும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அழுகிய கட்டை தெரிந்தால் ஒரு துண்டை விரலால் பிய்த்துப் பாருங்கள். வெளிறி, நார் நாராக, பஞ்சுபோல் பிரிந்தால் வெண்ணழுகல். கட்டைக்கு உறுதி தரும் லிக்னினையும் நாராக இருக்கும் செல்லுலோஸையும் சேர்த்துத் தின்னும் பூசணத்தின் வேலை அது. கானோடெர்மா இந்த வகை. கருத்த பழுப்பாகி, காய்ந்த வண்டல் நிலம்போல் கட்டம் கட்டமாக வெடித்துத் தூளானால் பழுப்பழுகல். அங்கே லிக்னின் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். பழுப்பழுகல் தெளிவாகத் தெரிந்தால் கானோடெர்மாவை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடலாம். ஒரே மரத்தில் இரண்டு பூசணங்கள் இருப்பதும் உண்டு. அதனால் காளான் ஒட்டியிருக்கும் இடத்துக் கட்டையையே பாருங்கள்.

மூன்று படங்கள் எடுங்கள்: தூரத்திலிருந்து மரம் முழுதும், காளானின் மேற்பக்கம், அடிப்பக்கம். அளவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள்.

எடுத்து வருவது

கையால் பிடுங்காதீர்கள். உளியை ஒட்டும் இடத்தில் வைத்து, கொஞ்சம் கட்டையோடு சேர்த்துப் பெயர்த்தெடுங்கள். காம்பு இருந்ததா என்ற கேள்விக்கு அந்த ஒட்டும் இடம்தான் பதில். ஒரே தூரில் மூன்று நான்கு இருந்தால் ஒரு முற்றியதையும் ஓர் இளசையும் எடுங்கள். முற்றியதில் வித்து கிடைக்கும், இளசின் விளிம்பில் மெல்லிய இழைகள் கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து, மறுநாளே மேலே பச்சைப் பூசணம் பூத்துவிடும். நான் முதன்முதலில் சேகரித்த நான்கு மாதிரிகள் அப்படித்தான் வீணாயின.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை வித்துப் பதிவு. ஈரம் காயாத ஒரு துண்டை, துளைப்பக்கம் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளைத்தாளிலும் பாதி ஒரு கண்ணாடி ஸ்லைடிலும் படும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் துரு கலந்த பழுப்பில் மெல்லிய தூள் படிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். தூள் வெள்ளையாக இருந்தால் அது கானோடெர்மா இல்லை. எதுவுமே விழாவிட்டால் கவலை வேண்டாம், காளான் வித்து விடும் பருவத்தில் இல்லை என்றுதான் பொருள்.

பதிவு எடுத்தபின் மிச்சத்தை 40 டிகிரி வெப்பத்தில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்ததை ஜிப் பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் வண்டும் புழுவும் சாகும். இதைச் செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் பெட்டியில் பழுப்புத் தூள்தான் மிஞ்சும்.

மேற்பக்கம்

அண்ணன் தோப்புக் காளான் 14 செ.மீ. அகலம், மரத்திலிருந்து விளிம்புவரை 9 செ.மீ., தடிமன் ஒட்டும் இடத்தில் 3 செ.மீ. காம்பு என்று தனியாக இல்லை. பக்கவாட்டில் ஒரு குட்டைக் கழுத்து மட்டும்.

மேலே காபித்தூள் தூவியதுபோல் பழுப்புப் படலம் இருந்தது. பலர் இதை மண் என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். அது அந்தக் காளானின் வித்துத்தூள். அடிப்பக்கத்தில் இருந்து விழும் வித்துகள் காற்றின் சுழலில் மேலேறிப் படிகின்றன. பக்கத்துப் புல்லிலும் சிலந்தி வலையிலும்கூடப் படிந்திருக்கும். கொஞ்சத்தைத் தாளில் தட்டி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலிருந்து எடுத்ததை முதன்மைச் சான்றாக வைக்காதீர்கள். பக்கத்துக் காளானின் வித்தும் அங்கே கலந்திருக்கலாம்.

தூளை ஈரத்துணியால் ஓரிடத்தில் துடைத்தேன். உள்ளே அம்பாசமுத்திரம் மரச்சொப்பில் அரக்குத் தேய்த்ததுபோன்ற பளபளப்பு. ஒட்டும் இடத்தில் கருஞ்சிவப்பு, நடுவில் செம்பழுப்பு, விளிம்பை நோக்கி மஞ்சள், கடைசியில் வெண்மை. விளிம்பு வெண்மையாக, விரலுக்கு மெத்தென்று இருந்தால் காளான் இன்னும் வளர்கிறது என்று அர்த்தம். மேற்பரப்பில் விளிம்புக்கு இணையாக வரப்புகள் ஓடுகின்றனவா, முடி முடியாகச் சுணை இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். கானோடெர்மாவில் சுணை இருக்காது.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். தோல் மெல்லிய அப்பளம்போல் உடைகிறதா, அழுத்தவே முடியாமல் ஓடுபோல் இருக்கிறதா என்பது பின்னால் சிற்றினத்தைப் பற்றிப் பேசும்போது உதவும்.

அடிப்பக்கம்

திருப்பினால் சிப்பிக் காளானைப்போல் மடல் மடலான செவுள்கள் இருக்காது. ஊசி முனை அளவில் துளைகள். புதிதாக இருக்கும்போது வெள்ளை அல்லது பாலேட்டு நிறம். ஓர் ஈர்க்குச்சியால் கோடு இழுங்கள். கோடு பழுப்பாக மாறி அப்படியே நின்றால் அது கானோடெர்மாவுக்குச் சாதகமான நல்ல அடையாளம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கானோடெர்மா அப்ளனேட்டம் என்ற சிற்றினத்தின் அடிப்பக்கத்தில் இப்படிக் கீறியே ஓவியம் வரைகிறார்கள். அதனால் அங்கே அதற்கு ஓவியர் காளான் என்றே பெயர்.

துளைகளை எண்ணுவது சோம்பலான வேலை. ஆனாலும் விடக் கூடாது. ஒளிபுகும் ஸ்கேலை வைத்து, கைலென்ஸ் வழியாக 5 மி.மீ. நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணி ஐந்தால் வகுக்க வேண்டும். ஐந்து இடங்களில் செய்யுங்கள். விளிம்பிலும் ஒட்டும் இடத்திலும் துளைகள் உருமாறியிருக்கும், நடுப்பகுதியை எடுங்கள். எனக்குக் கிடைத்தது மி.மீ.க்கு 4 முதல் 5. கானோடெர்மாக்களில் பொதுவாக 4 முதல் 6 வரை இருக்கும். வெறுங்கண்ணுக்கே தேன்கூடுபோல் பெரிய அறுகோணத் துளைகள் தெரிந்தால் அது ஹெக்சகோனியா என்ற வேறு பேரினமாக இருக்கலாம்.

குறுக்கே வெட்டுங்கள்

ஒட்டும் இடத்திலிருந்து விளிம்புவரை நேராக ஒரே வெட்டு. பழைய காளான் என்றால் ரம்பம் தேவைப்படும். மேலே தோல், நடுவே சதை, கீழே குழல் அடுக்கு என்று மூன்று பாகம் தெரியும். சதையின் நிறம், தடிமன், அதில் கறுத்த பிசின் கோடுகள் ஓடுகின்றனவா, குழல் எத்தனை மி.மீ. நீளம், ஓர் அடுக்கா பல அடுக்கா என்று குறியுங்கள். பல அடுக்கு என்றால் பல பருவம் வாழ்ந்த காளான். எங்கள் மாதிரியில் சதை தக்கைபோல், இளம்பழுப்பில் தொடங்கிக் குழலை நெருங்க நெருங்கக் கறுத்தது. குழல் ஒரே அடுக்கு, 9 மி.மீ.

இந்த வெட்டுமுகத்தில் 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவது வழக்கம். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும். வெள்ளைச் சதைக் காளான்களில் பெரிய மாற்றம் இருக்காது. ஃபெல்லினஸ் என்ற இன்னொரு தட்டுக்காளான் பேரினத்தின் வகைகளில் பழுப்புச் சதை சட்டென்று கன்னங்கரேல் என்று ஆகிவிடும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழுப்புச் சதை கானோடெர்மாவும் இதே சொட்டில் கறுக்கும். எனவே இந்தச் சோதனையால் ஃபெல்லினஸையும் கானோடெர்மாவையும் பிரிக்க முடியாது. அந்த வேலையை நுண்ணோக்கிதான் செய்யும்.

ஏமாற்றும் முகங்கள்

நுண்ணோக்கிக்குப் போகுமுன் சிலவற்றை இப்போதே கழித்துவிடலாம். காய்ந்த குச்சிகளில் குங்குமச் சிவப்பாக, மெல்லிய விசிறிபோல் நிறைய முளைப்பது பிக்னோபோரஸ். மேலும் கீழும் அதே செந்நிறம். டிராமெட்டஸ் வகைகள் மெல்லியவை, வெள்ளைச் சதை, வெள்ளை வித்து. சாம்பல் வெள்ளையாக, அடியில் பிளவுபட்ட செவுள்களோடு இருப்பது ஸ்கைசோபில்லம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், விழுந்த கிளைகளில் புனல்போல் மெல்லியதாக, காம்படி மஞ்சளாக நிற்பது மைக்ரோபோரஸ் சாந்தோபஸ்.

கடினமான இரண்டு மிச்சம். ஃபெல்லினஸும் அதன் உறவுகளும் குளம்பு வடிவில், மேற்பக்கம் வெடித்து, கட்டைபோல் இருக்கும். அவை மங்கிய தோல் கானோடெர்மாவோடு குழம்பும். அமௌரோடெர்மா காம்போடு, மங்கிய தொப்பியோடு, புதைந்த வேரிலிருந்து எழும். அதன் வித்துக்கும் இரட்டைச் சுவர் உண்டு. ஆனால் முனை வெட்டுப்படாமல் உருண்டையாக இருக்கும். இந்தக் கூட்டத்தில் சிலவற்றின் துளைப்பக்கத்தைக் கீறினால் முதலில் இரத்தச் சிவப்பாகிப் பிறகு கறுக்கும். காட்டில் அதைப் பார்த்த அந்த நொடி இன்னும் நினைவில் இருக்கிறது.

வித்து: இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில் நுண்ணோக்கியின் அளவைச் சரிபார்க்க வேண்டும். கண்ணருகு லென்ஸில் உள்ள கோடுகளுக்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்பது அளவுகோல் பொறித்த ஒரு ஸ்லைடு. அதில் 1 மி.மீ. 100 பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பாகம் 10 மைக்ரான். 40 மடங்கு லென்ஸில் கண்ணருகுக் கோடு 40-ம் ஸ்டேஜ் கோடு 10-ம் ஒன்றாகப் பொருந்தினால், 100 மைக்ரானை 40-ஆல் வகுத்து ஒரு கோடு 2.5 மைக்ரான். 100 மடங்கு லென்ஸில் 50 கோடு 5 பாகத்தோடு பொருந்தினால் ஒரு கோடு 1 மைக்ரான். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்தக் கருவியிலேயே ஒரு சீட்டில் ஒட்டிவையுங்கள். வேறு நுண்ணோக்கியின் கணக்கைக் கடன் வாங்கக் கூடாது.

வித்துத்தூள் தண்ணீரில் நனையாமல் மிதக்கும், காற்றுக் குமிழியும் கூடவே வரும். அதனால் ஸ்லைடில் முதலில் ஒரு சிறு சொட்டு ஸ்பிரிட் விட்டு, அதில் ஊசி முனை அளவு தூளைக் கலந்து, ஸ்பிரிட் ஆவியாகுமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் சேருங்கள். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். கல்லூரிகளில் எதை எடுத்தாலும் முதலில் லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தை ஊற்றும் பழக்கம் இருக்கிறது. இங்கே வேண்டாம். இந்த வித்தின் சொந்த நிறமே ஓர் அடையாளம், நீலத்தில் அது மறைந்துவிடும்.

10 மடங்கில் வெறும் புள்ளிகள். 40 மடங்கில் முட்டை வடிவம், தேன் பழுப்பு. ஒரு முனை மொட்டையாகத் தெரியத் தொடங்கும். இப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட்டு 100 மடங்குக்குப் போங்கள். நுண்குவியத் திருகை நூலிழை அளவில் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே பாருங்கள்.

வெளியே கண்ணாடிபோல் நிறமற்ற மெல்லிய சுவர். உள்ளே தடித்த பழுப்புச் சுவர். இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்னத் தூண்கள். மேலிருந்து பார்க்கும்போது அந்தத் தூண்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் வித்தின் மேற்பரப்பே சொரசொரப்பு என்று தோன்றும். குவியத்தை மாற்றி ஓரக்கோட்டைப் பாருங்கள், வெளிச்சுவர் வழவழப்பாகவே ஓடும். மேலிருந்து பார்த்தால் புள்ளி, ஓரத்தில் பார்த்தால் வழவழப்பு. இந்த இரண்டையும் ஒரே வித்தில் கண்டுவிட்டால் உங்களுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெட்டுப்பட்ட முனை பற்றியும் ஒரு விளக்கம் தேவை. அந்த முனையில் வெளிச்சுவர் உப்பி நிற்கும். அது உள்ளே அமுங்கியபின்தான் முனை மொட்டையாகத் தெரியும். அமுங்காத வித்துகளில் முனை நிறமற்ற தொப்பி போட்டதுபோல் உருண்டையாகவே இருக்கும். அதனால் பத்து வித்தைப் பார்த்துவிட்டு 'முனை வெட்டுப்படவில்லை' என்று எழுதாதீர்கள். ஐம்பதைப் பாருங்கள். குழலைச் சுரண்டி எடுத்ததில் முற்றாத வித்துகள் கலந்திருக்கும், அவை வெளிறிச் சிறியதாக இருக்கும். வித்துப் பதிவில் தானாக விழுந்தவை நம்பகமானவை.

அளக்கும்போது பக்கவாட்டில் படுத்திருக்கும் முற்றிய வித்துகளை மட்டும் எடுங்கள். குறைந்தது 30. நீளம், அகலம், நீளத்தை அகலத்தால் வகுத்த விகிதம். கவரும் அழகான வித்துகளாகத் தேடிப் பொறுக்காமல், பார்வையில் வரிசையாக வருபவற்றை அளந்தால்தான் சராசரி உண்மையாக இருக்கும். எங்கள் மாதிரி: நீளம் 9 முதல் 11, அகலம் 5.5 முதல் 7 மைக்ரான், சராசரி 10.1-க்கு 6.3, விகிதம் 1.6. மற்றதெல்லாம் சேர்ந்து 'இருக்கலாம்' என்று சொன்னதை இந்த வித்து 'ஆம்' என்று சொல்லிவிட்டது. கானோடெர்மா.

இழைகள்

பேரினம் உறுதியான பிறகும் சதையின் இழைகளைப் பார்ப்பது நல்லது. ஃபெல்லினஸ் பற்றிய ஐயம் இருந்தால் கட்டாயம். தட்டுக்காளானின் உடம்பு எத்தனை வகை இழைகளால் நெய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் முறையை 1932-இல் வகுத்தவர் இ. ஜே. எச். கார்னர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அப்போது அவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியில் இருந்தார். வெப்பமண்டலக் காளான்களைத் தினமும் கையில் எடுத்தவரின் கண்ணுக்குத்தான் இது பட்டிருக்கிறது.

கானோடெர்மாவில் மூன்று வகை உண்டு. வளர்ச்சிக்குக் காரணமான ஆக்க இழை: மெல்லிய சுவர், நிறமற்றது, குறுக்குச் சுவர் உள்ள இடத்தில் பக்கவாட்டில் ஒரு கொக்கி வளைவு. அந்த வளைவுக்குக் கிளாம்ப் என்று பெயர். உடம்பைத் தாங்கும் சட்டக இழை: தடித்த சுவர், பழுப்பு, குறுக்குச் சுவரே இல்லாமல் நீளமாக ஓடும். இவற்றைக் கட்டிவைக்கும் பிணைப்பு இழை: மெலிந்து, முருங்கைக் குச்சிபோல் கிளைத்துக் கிளைத்துப் பின்னும்.

சதையில் குண்டூசித் தலை அளவு ஒரு துணுக்கை எடுத்து, 5 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு இரண்டு ஊசிகளால் தலைமுடிச் சிக்கலைப் பிரிப்பதுபோல் பொறுமையாகப் பிரியுங்கள். நசுக்கினால் எல்லாம் துண்டாகிவிடும். முற்றிய சதையில் சட்டக இழைதான் கண்ணை நிறைக்கும். ஆக்க இழை வதங்கிக் காணாமல் போயிருக்கும். அதனால்தான் இளங்காளானின் வெள்ளை விளிம்பு வேண்டும் என்றேன். அங்கிருந்து எடுத்து, இப்போது காட்டன் புளூ சேர்த்தால் கிளாம்ப் தெளிவாகத் தெரியும். ஒரு கிளாம்ப் கிடைத்தாலே ஃபெல்லினஸ் கூட்டம் கழிந்தது, ஏனென்றால் அவற்றில் கிளாம்பே கிடையாது. அந்தக் கூட்டத்தில் பலவற்றின் குழலில் முள்போல் கூரான, தடித்த, கரும்பழுப்பு உறுப்புகளும் இருக்கும். கானோடெர்மாவில் அவை இல்லை.

வித்தைத் தாங்கும் பசிடியங்கள் காய்ந்த மாதிரியில் பெரும்பாலும் சுருங்கிப்போயிருக்கும். கிடைத்தால் வரைந்துகொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் நாள் முழுக்கத் தேட வேண்டாம்.

தோலின் குறுக்குவெட்டு

பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். தோலோடு சேர்த்து ஒரு மெல்லிய துண்டை நறுக்கி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, நெட்டித் துண்டைப் பிளந்து அதன் நடுவே வைத்து, புதுப் பிளேடால் சீவுங்கள். தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்பவர்களிடம் சின்னத் துண்டுகள் கேட்டு வாங்கலாம், இல்லாவிட்டால் கேரட்டும் போதும். இருபது சீவலில் ஒன்றிரண்டுதான் உருப்படியாக வரும்.

அரக்குத் தோல் வகைகளில், குண்டாந்தடி வடிவச் செல்கள் நெருக்கி வரிசையாக நிற்கும், வேலிக்கு அடித்த முளைகள்போல. அவற்றின் தலைகளின்மேல் பிசின் படிந்திருக்கும். அதுதான் பளபளப்பு. மங்கிய தோல் வகைகளில் இந்த வரிசை இருக்காது, இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கெட்டிப்பட்டிருக்கும். செல்களின் நீள அகலத்தையும், தலைப்பகுதியில் முண்டும் முடிச்சும் உண்டா என்பதையும் எழுதுங்கள். சிற்றினங்களைப் பிரிக்க இவை பயன்படும்.

எந்தப் பெயர்வரை போகலாம்?

அரக்குத் தோல், தென்னை, இந்தியா என்றால் உடனே 'கானோடெர்மா லூசிடம்' என்று எழுதிவிடுவது நெடுநாள் பழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சீட்டு ஒட்டினேன். இப்போது அது சரியில்லை என்று உறுதியாகத் தெரிகிறது. லூசிடம் என்ற பெயர் 1781-இல் இங்கிலாந்தில் வில்லியம் கர்டிஸ் விவரித்த காளானுக்கு உரியது. டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபின், உலகெங்கும் அந்தப் பெயரில் குவிந்து கிடந்தவை பல தனிச் சிற்றினங்கள் என்று தெரிந்தது. சீனத்தில் மருந்தாக வளர்க்கும் லிங்சிக்கே 2012-இல் கானோடெர்மா லிங்சி என்று தனிப்பெயர் வைத்தார்கள். மலேசியா, இந்தோனேசியாவின் எண்ணெய்ப்பனைத் தூரை அழுகச் செய்வது கானோடெர்மா போனினென்ஸ். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பனைக் குடும்ப மரங்களைச் சாய்ப்பது கானோடெர்மா சோனேட்டம். எல்லாம் தூரில் வரும், பலவும் பளபளக்கும்.

மங்கிய தோல் வகையிலும் இதே சிக்கல்தான். அப்ளனேட்டமும் கானோடெர்மா ஆஸ்ட்ரேல் என்ற சிற்றினமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல. வித்தை அளந்தால் அப்ளனேட்டத்தில் நீளம் பெரும்பாலும் 9 மைக்ரானுக்குள், ஆஸ்ட்ரேல் கூட்டத்தில் அதற்கு மேலே போகும். தோலும் முன்னதில் நகத்துக்கு உடையும், பின்னதில் தடித்திருக்கும்.

ஆகவே என் முறை இது. அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்குக் கொண்டுசெல்லும் பழைய அட்டவணைகளை (விசைகளை) பயன்படுத்துங்கள், ஆனால் அவை தரும் சிற்றினப் பெயரை அப்படியே சீட்டில் ஏற்றாதீர்கள். வித்தும் இழையும் கையில் இருந்தால் பேரினம்வரை தைரியமாக எழுதலாம். சிற்றினம் வேண்டும் என்றால் காய்ந்த சதையில் ஒரு துண்டை டி.என்.ஏ.வுக்காகத் தனியே எடுத்து வைத்து, காளான்களை இனம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியை வாசிக்கக்கூடிய ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஐ.டி.எஸ். மட்டும் எல்லாச் சிற்றினங்களையும் பிரிக்காது, இன்னும் ஒன்றிரண்டு மரபணுக்கள் தேவைப்படலாம். பொது வலைத்தரவுகளில் லூசிடம் என்று தவறாகப் பெயரிட்ட வரிசைகளும் ஏராளம். கணினி முதல் வரியில் காட்டும் பெயரை நம்புவது, பளபளப்பை நம்புவதைப்போலவேதான்.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, இதை விற்கவோ கஷாயம் வைக்கவோ வேண்டாம். கானோடெர்மா என்று உறுதி, ஆனால் மருந்துக்கு வளர்க்கும் அந்தச் சிற்றினம்தான் இது என்று காட்ட ஒரு சான்றும் இல்லை. இரண்டு, அந்த மரத்தைச் சுற்றிப் பள்ளம் எடுத்து மற்ற மரங்களின் வேரிலிருந்து பிரியுங்கள், பாசனத் தண்ணீர் இதன் தூரைத் தொட்டு அடுத்த மரத்துக்குப் போகாமல் மாற்றுங்கள், வேளாண் அலுவலரிடம் இந்தப் படங்களைக் காட்டி வேப்பம்புண்ணாக்கு, நோய்ப் பூசணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூசணம் பற்றிக் கேளுங்கள். "அப்ப பக்கத்து ரெண்டு மரம்?" என்றார். இரண்டின் தூரையும் அன்று மாலையே குனிந்து பார்த்தோம். ஒன்றில் விரல் அகலத்துக்குச் சாறு வடிந்த தடம் இருந்தது.

மாதிரி இப்போது காகித உறையில் இருக்கிறது. சீட்டில் எழுதியிருப்பது:

கானோடெர்மா, சிற்றினம் உறுதியாகவில்லை. அரக்குத் தோல் வகை. தென்னை, உயிருள்ள மரம், தூரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பட்டுக்கோட்டை வட்டாரம். கார்த்திகை மழைக்குப் பின். துளை மி.மீ.க்கு 4 முதல் 5. வித்து 9–11 × 5.5–7 மைக்ரான், 30 அளந்தது, பதிவிலிருந்து. கிளாம்ப் உண்டு. டி.என்.ஏ.வுக்குத் துண்டு தனியே.